அயோவா பணிசும் கொத்துரொட்டித் தகடும்

பன்னிரண்டு முக்காலி போட்ட ஒற்றை அறைக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கியவன் நான். இன்றைக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மூன்று ஊர்களில் என் சாப்பாட்டுக் கடை நிற்கிறது. சொந்த வீடு கட்டினேன். அதன் கூரைக்கு நானே ஏறித் தகடு அடித்தேன். பாழடைந்த வைக்கோல் கொட்டகை ஒன்றை வாங்கிப் பிள்ளையார் கோயிலாக்கினேன்; வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இருபது குடும்பங்கள் இரண்டு மணித்தியாலம் கார் ஓடி வருகின்றன. கூடப்பிறந்த ஐந்து பேரைக் கடல் தாண்ட வைத்து நாலு நாட்டில் இருத்தினேன். இவ்வளவும் செய்தவன் ஏழாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆங்கிலம் படித்தது அடுப்படியில். நான் போய் இறங்கியபோது அந்தச் சோளக்காட்டு ஊரில் தமிழன் என்று சொல்ல என்னைவிட வேறு ஆளில்லை. கடன் கேட்டுப் போன இடத்தில் வங்கிக்காரன் சிரித்தான். அவனுடைய மகன் இப்போது என் கடையில் மூன்றாவது முக்காலியில் இருந்து சாப்பிடுகிறான்.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்பேர்ப்பட்ட செல்லத்துரை பாரிஸ் போய், ஒரு கிழவியின் படுக்கைக்கு முன்னால் கையில் சட்டியோடு நின்ற கதை இது.

அந்த மனுசியின் பெயர் டோரிஸ். அந்தப் பன்னிரண்டு முக்காலிக் கடை அவருடையது. எனக்கு வேலை தந்து, தொழில் காட்டி, பிறகு கடையையே என் கையில் ஒப்படைத்தவர். புருசன் செத்து, இடுப்பெலும்பும் முறிந்தபிறகு, பாரிஸில் வாழ்க்கைப்பட்ட மகள் லிண்டா தாயைத் தன்னோடு கூட்டிப் போய்விட்டாள். இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு, கந்தசஷ்டிக்குக் கொஞ்சம் முன்னால், லிண்டா தொலைபேசி எடுத்தாள். "அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தேத்தண்ணீரும் இரண்டு கரண்டித் தயிரும்தான். என்ன வேண்டும் என்று கேட்டால் கடைச் சாப்பாடு என்கிறார். இங்கே ஒருவருக்கும் அது என்னவென்றே தெரியாது."

எனக்குத் தெரியும். அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு தண்ணீரில் உதிரி உதிரியாக வேகவைத்து, ஆவியில் மெத்தென்றாக்கிய பணிசுக்குள் அள்ளி வைப்பது. இந்தியத் தமிழர் பன் என்பதை இலங்கைத் தமிழர் நாங்கள் பணிஸ் என்போம். குழம்பு கிடையாது, தக்காளி கிடையாது. கடுகுச் சாந்து, காடியில், அதுதான் வினிகரில், ஊறிய வெள்ளரிக்காய், அவ்வளவுதான். பிடித்துக் கடித்தால் பாதி தட்டில் கொட்டும். அதற்காகவே ஒரு கரண்டி தருவோம். பார்த்தால் ஒன்றுமில்லாத சாப்பாடு. ஆனால் அந்தச் சனத்துக்குப் பந்து விளையாடி வென்றாலும் அது, பிணம் தாட்டு வந்தாலும் அது. பனிப்புயல் அடிக்கிற நாளில் அவரைவிதைச் சூப்போடு கறுவாப்பட்டைப் பணிசைத் தொட்டுச் சாப்பிடுவதும், உருளைக்கிழங்குப் பொரியலை மேலே அடுக்கி ஓவனில் வேகவைத்த இறைச்சித் தட்டும் அவர்களுக்கு அப்படித்தான். ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தால் தாய் தகப்பனைப் பார்க்க முதல் என் கடைக்கு வருவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாரிஸில் இறங்கினேன். பெட்டியில் எங்கள் கடைப் பணிஸ் இரண்டு டசின், வெள்ளரிக்காய்ப் போத்தல், கடுகுச் சாந்து. அங்கே குடியிருக்கும் என் சித்தப்பா மகன் பாலன், லா கூர்னெவ் நிலையத்தில் இறங்குங்கோ, நான் நிற்பன் என்று சொல்லியிருந்தான். ரயிலில் ஏறினேன். நிலையங்கள் பறந்தன, ரயில் எங்கும் நிற்கவில்லை. எதிரில் இருந்த இளைஞர் என் நெற்றி விபூதியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், தமிழா?"

"ஓம். லா கூர்னெவ் எப்ப வரும்?"

"லா கூர்னெவ்ல இறங்கணுமா? இது டைரக்ட் ட்ரெயின் சார், அங்க நிக்காது. நேரா கார் து நோர் ஸ்டேஷன்தான். டென்ஷன் ஆகாதீங்க, அங்கேருந்து நம்ம தமிழ்க் கடைங்க இருக்கிற லா சப்பல் நடந்தே போயிடலாம்." கோயம்புத்தூர்க்காரராம், கணினி வேலை. பிறகு மூக்கைச் சுருக்கினார். "சார்... உங்க பெட்டிலேருந்து ஏதோ ஒழுகுது."

போத்தல் உடைந்துவிட்டது. பணிஸ் இரண்டு டசினும் காடியில் ஊறிப் போயிற்று. பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக அடுத்த ரயில்பெட்டிக்கு மாறினார்கள். அயோவாவில் என்றால் நாலு பேர் வந்து துடைக்கத் துணி தந்திருப்பார்கள், என் முழங்கால் எப்படி என்றும் விசாரித்திருப்பார்கள். இங்கே அந்தக் கோயம்புத்தூர் ஆள் மட்டும் கடைசிவரை பக்கத்தில் இருந்தார். அவர் பெயரைக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் மனதில் குறைதான்.

நான் லா சப்பலில் இருக்கிறேன் என்று தொலைபேசியில் கேட்டதும் பாலன் அடித்துப் பிடித்து ஓடி வந்தான். "எங்கையண்ணை நிண்டனீங்கள்? நான் அங்கை பிளாட்போம் பிளாட்போமாத் தேடித் திரியிறன்! உதென்ன மணம்?"

"காடி."

"அமெரிக்காவிலையிருந்து காடியே கொண்டந்தனீங்கள்?"

தலைக்கு மேலே மெத்ரோ ரயில் இரும்புப் பாலத்தில் இரைந்து போக, கீழே தெரு முழுக்க எங்கள் ஆட்கள். நகைக்கடை, சேலைக்கடை, முருங்கைக்காய், தொலைபேசிக் கடை. இருபத்தேழு வருடம் தமிழில் கத்திப் பேரம் பேசக் கிடைக்காதவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஒரு கட்டு வல்லாரையைத் தேவையில்லாமல் விலை கேட்டேன். பாலன் அந்தத் தெருவிலேயே இருந்த தன் சாப்பாட்டுக் கடையில் இருத்திப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டான். அவன் கந்தசஷ்டி விரதம், நாளுக்கு ஒரு நேரம் பாலும் பழமும். நான் மூன்றாம் தரம் புட்டு வாங்கும்போதும் முகம் சுளிக்காமல் பரிமாறினான்.

புதன்கிழமை லிண்டா வீடு. லா சப்பலில் இருந்து பத்து நிமிட நடை, ஐந்தாம் மாடி. அங்கத்தைய லிப்டில் ஒன்றரை ஆள்தான் நிற்கலாம். நானும் என் வயிறும் ஏறியதும் கதவு யோசித்தது. டோரிஸ் அம்மா சன்னலோரம் கட்டிலில் கிடந்தார். வெங்காய மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிய மனுசி, போர்வைக்குள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி:

"செல், கடையை யார் பார்க்கிறார்கள்?"

"ஷெரில்."

"வெங்காயத்தைப் பெரிதாக வெட்டுவாளே." இதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அடுப்படிக்குள் லிண்டா மெதுவாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை டொக்டர் வருகிறார். இன்னும் எடை குறைந்திருந்தால் ஆசுப்பத்திரியில் வைத்து மூக்கால் குழாய் விட்டு உணவு கொடுப்பார்களாம். குழாயைவிடச் சாவு நல்லது என்று தாய் சொல்லிவிட்டாராம். "உங்களை நம்பித்தான் இருக்கிறேன், செல்."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். என் கையால் எத்தனை ஆயிரம் பணிஸ் போயிருக்கும்! பல்பொருள் அங்காடியில் வாங்கிய அரைத்த இறைச்சிப் பொட்டலத்தை உடைத்து, நெருப்புத் தெரியாத மின்னடுப்பில் வேகவைத்தேன். லிண்டா வாயில் போட்டுப் பார்த்து நல்லாயிருக்கிறது என்றாள். ஆனால் அவள் பதினெட்டு வயதில் ஊரைவிட்டு வந்தவள், நாக்கு பிரெஞ்சுக்கு மாறிவிட்டது. வெள்ளைத் தட்டில் நடுவில் வைத்து, ஓரத்தில் இரண்டு கீரை இலை சாய்த்து, நகை மாதிரிக் கொண்டுபோனாள். டோரிஸ் அம்மா ஒரு கடி கடித்தார். மென்றார். தட்டில் வைத்துவிட்டார்.

"வித்தியாசமாக இருக்கிறது" என்றார்.

அயோவாக்காரரைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. அந்தச் சனம் ஒருவர் சமைத்ததை முகத்துக்கு நேரே நல்லாயில்லை என்று சொல்லாது. வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால், நாயும் தொடாது என்று பொருள். அந்தச் சொல்லை என் கடையில் நான் கேட்டதே கிடையாது.

வியாழன் காலை பாலனின் கடைக்குப் போனேன். அவன் அகன்ற இரும்புக் கல்லில் இரண்டு தகட்டாலும் கொத்துரொட்டி கொத்திக்கொண்டு நின்றான். மறைத்து வைத்ததை இனிச் சொல்லாமல் முடியாது.

"பாலன், ஒண்டு சொல்லவேணும். என்ரை கடையிலை விக்கிறது மாடு."

தகடு நின்றது. "என்னது?"

"மாட்டிறைச்சி. அவிச்சு, பணிசுக்குள்ளை வைச்சு."

"எத்தினை வரியமா?"

"இருவத்தேழு."

"அண்ணை! நீங்கள் உங்கடை பிள்ளையார் கோயிலாலை அனுப்பின விபூதியையெல்லோ இண்டைக்கும் பூசிக்கொண்டு நிக்கிறன்!"

"கோயில் வேறை, கடை வேறை."

"நீங்கள் திண்டனீங்களோ?"

"சீச்சீ! ஒருக்காலும் வாயிலை வைச்சதில்லை. ஆடு, கோழி, மீன் சரி. மாடு இல்லை."

பாலன் தகட்டைக் கீழே வைத்தான். "இருவத்தேழு வரியம் சமைச்சும் வாயிலை வைக்கேல்லையெண்டா, உப்புப் பார்த்தது ஆரண்ணை?"

உப்புப் பார்த்தது டோரிஸ் அம்மா. கடை திறக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது, ஒவ்வொரு காலையும், சட்டிக்குப் பக்கத்தில் கரண்டியோடு வந்து நிற்பார். "உப்பு" என்பார், போடுவேன். "தண்ணீர்" என்பார், விடுவேன். "திற" என்பார், கதவைத் திறப்பேன். ஏன் நீ ருசி பார்ப்பதில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் போனபிறகு ஷெரில் பார்த்தாள். நான் மணத்தை வைத்து, கொதிக்கிற சத்தத்தை வைத்துச் சமைத்தவன். கண்டம் விட்டுக் கண்டம் பறந்தவன் கடுகுச் சாந்து கொண்டுவந்தேன், வெள்ளரிக்காய் கொண்டுவந்தேன், நாக்கைக் கொண்டுவரவில்லை. நான் சமைக்கிற சாப்பாட்டின் ருசி எனக்கே தெரியாது என்பது அறுபத்தெட்டு வயதில், லா சப்பலில், கொத்துரொட்டிக் கல்லுக்கு முன்னால் வைத்துத்தான் விளங்கியது.

பாலன் சிரிக்கப் போகிறான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "இறைச்சி எப்பிடி வரவேணும்?" என்று கேட்டான்.

"உதிரி உதிரியா. நேற்றுக் களியாப் போச்சு."

இரண்டு தகட்டையும் கழுவித் துடைத்து ஒரு பையில் போட்டு நீட்டினான். "கொண்டுபோங்கோ. ஆனா கோவிக்காதேங்கோ, திருப்பிக் கொண்டுவராதேங்கோ."

"எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இறைச்சிக்கடைக்கு நீயும் வா."

"விரதத்திலை நிக்கிறன் அண்ணை! மாடு வாங்கவோ?"

தகட்டுப் பையைக் கையில் எடுத்தேன். அவன் கல்லின் நெருப்பைத் தணித்தான், ஏப்ரனைக் கழற்றினான். "மனுசி கிடக்கிற கிடைக்கு முருகன் ஒண்டும் சொல்லமாட்டார். சொன்னா, அண்ணைதான் கூட்டிக்கொண்டு போனவரெண்டு சொல்லுவன். வாங்கோ."

நெற்றி நிறைய விபூதியோடு என் தம்பி அந்த இறைச்சிக்கடைக்குள் போனான். கடைக்காரர் அல்ஜீரியாக்காரர், பாலனுக்கு ஆட்டிறைச்சி கொடுப்பவர். அவர் சொன்னதைப் பாலன் எனக்குப் பிறகு தமிழில் சொன்னான்: "இன்றைக்கு மாடா? மதம் மாறிவிட்டாயா?" அதற்கு இவன், "நான் இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்த இந்த அண்ணன்தான் மாறி நிற்கிறார்" என்றானாம். கொழுப்போடு சேர்த்துப் பெரிதாக அரைத்துத் தரச் சொன்னோம். கொழுப்பை வெட்டி எறி என்று கேட்கிற ஊரில் கொழுப்பு வேண்டும் என்று கேட்ட முதல் ஆட்கள் நாங்கள் என்று அந்த மனுசன் சந்தோசப்பட்டு, ஒரு துண்டு கூடவே போட்டார்.

பணிசுக்கு என்ன செய்வது? பாரிஸ் பாண்ரொட்டி பல்லை உடைக்கும். பாலன் தெருவைக் கடந்து எங்கள் ஆட்களின் பேக்கரிக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு பணிசை அமத்திப் பார்த்தேன். அமுங்கியது, பிறகு மெல்ல எழும்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், அயோவாப் பணிஸ் அப்படியே இருந்தது. பன்னிரண்டு வாங்கினேன்.

லிண்டா வீட்டில் பாலன் வாசலோடு நின்றுவிட்டான். "மணம் விரதத்துக்கு ஆகாது, நான் படியிலை இருக்கிறன்." நான் கனமான சட்டியை வைத்து, இறைச்சியைப் போட்டு, இரண்டு தகட்டாலும் கொத்தத் தொடங்கினேன். டக்கு டக்கு டக்கு. கீழ்வீட்டுக்காரி மேலே வந்து, கட்டடத்தை இடிக்கிறீர்களா என்று லிண்டாவிடம் கேட்டாள். நான் நிறுத்தவில்லை. இறைச்சி உதிர்ந்தது, அரிசி மாதிரி. வெங்காயம் பொடியாக. தண்ணீர். மிளகு. உப்புக்குக் கை போனது, அங்கேயே நின்றது.

லிண்டா தட்டை எடுத்தாள். "அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பசியில்லையாம்."

"தட்டு வேண்டாம், கரண்டி தா" என்றேன்.

கொதிக்கிற சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு அறைக்குள் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில், கடையில் நிற்கிற மாதிரி நின்றேன். சாப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

"டோரிஸ், திறக்க அரை மணித்தியாலம்தான் இருக்கிறது. உப்புப் பாருங்கள்."

முதுகு அசையவில்லை. ஆவி மட்டும் எழுந்து போயிற்று. சட்டியை நான் கீழே வைக்கவில்லை. பிறகு போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. கரண்டியைக் கொடுத்தேன். திரும்பினார், எழும்பி இருந்தார், அள்ளினார், ஊதினார், வாயில் போட்டார்.

"உப்பு."

ஓடிப் போய்ப் போட்டேன். திரும்ப வந்தேன். அள்ளினார்.

"இன்னும்."

போட்டேன்.

"தண்ணீர் வற்றிவிட்டது. எங்கே பார்த்துக்கொண்டு நின்றாய்?"

விட்டேன். அந்தச் சின்ன வீட்டில் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே எட்டுத் தரம் நடந்தேன். எட்டுக் கரண்டி. லிண்டா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாவது கரண்டியை மென்று விழுங்கி, டோரிஸ் அம்மா கரண்டியின் பின்பக்கத்தையும் நக்கினார்.

"திற" என்றார்.

பணிசைக் கொண்டுவந்தேன். பாதி சாப்பிட்டார். மடியில் கொட்டியதைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார். அப்போதுதான் நான் துணிந்து கேட்டேன். "நான் ஏன் ருசி பார்ப்பதில்லை என்று ஒரு நாளும் நீங்கள் கேட்கவில்லையே?"

"நீ ருசி பார்த்திருந்தால்," என்றார் மனுசி, "எனக்கு அங்கே என்ன வேலை?"

வெளியே போய்ப் பாலனிடம் சொன்னேன். படியில் இருந்தவன் எழும்பி, "முருகா!" என்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினான். லிப்டில் வந்த பிரெஞ்சுக்காரர் அப்படியே திரும்பவும் கீழே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை டொக்டர் வந்தார். எடை கூடவில்லை, ஆனால் குறையவுமில்லை. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். லிண்டா சொன்னாள். மருத்துவருக்கு முகம் ஒரு மாதிரிப் போயிற்று. இருந்தாலும் குழாய் வேண்டாம், இதையே கொடுங்கள், இரண்டு கிழமை கழித்து வருகிறேன் என்று பையை மூடினார். நான் அங்கே நின்ற மிச்ச நாள் முழுக்க ஒவ்வொரு காலையும் சட்டியோடு போனேன். லிண்டாவுக்குத் தகடு பிடிக்கக் காட்டினேன். தட்டில் வைத்து நீட்டக் கூடாது, சட்டியோடு போய் உப்புக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். விரதம் முடிந்ததும் பாலன் ஆட்டிறைச்சியில், பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு, தன் கடையில் அதே பணிசைச் செய்தான். அதை நான் சாப்பிட்டேன். நாலு சாப்பிட்டேன்.

நான் ஊர் திரும்பிய பிறகு டோரிஸ் அம்மா சன்னலோர நாற்காலிக்கு மாறிவிட்டார் என்று செய்தி வந்தது. கூடவே எங்கள் அயோவா ஊர்ப் பத்திரிகையும் வந்தது. அதில் லிண்டா எழுதியிருக்கிறாள்: தாயின் சமையல் குறிப்பு, தாயின் கடை, தாயின் துணிவு, கடைசி வரியில், குடும்ப நண்பர் ஒருவர் வந்து உதவினார் என்று. பாலனும் அந்த ஆட்டிறைச்சிப் பணிசைக் கடைக் கண்ணாடியில் "எமது புதிய தயாரிப்பு" என்று எழுதி ஒட்டியிருக்கிறானாம்.

எனக்குக் கோபமில்லை. அந்தப் பாரிஸ் நாட்களுக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரிது. ரயிலில் எழும்பிப் போகாதவருக்கு, விரதத்தோடு இறைச்சிக்கடைப் படி ஏறிய தம்பிக்கு, கொழுப்புக் கூடப் போட்டவருக்கு, பணிஸ் சுட்ட கைக்கு, எல்லாருக்கும் நன்றி. பாலன் ஒட்டியது இருக்கட்டும். அவன் நடந்த நடைக்கு அது தகும். ஆனால் லிண்டா, உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, யாராவது வாசித்துச் சொல்லட்டும்: குடும்ப நண்பர் ஒருவர் என்ற அந்த வரியை வெட்டு. அடுத்த கிழமைப் பத்திரிகையில் திருத்தம் போடு. உப்பு டோரிஸ் அம்மாவுடையது. அதில் எனக்குப் பங்கு வேண்டாம். வெங்காயமும் தண்ணீரும் நெருப்பும், ஒரு வாய் தின்னாமல் நின்று கிளறிய இருபத்தேழு வருடமும் கந்தையா செல்லத்துரையுடையது. முழுப் பெயரையும் எழுது.